குரோனியேயும் என் ஸ்கோர் நோட்டும்

வாசகர் கேள்வி, 10 மார்ச் 2024

சின்ன வயதில் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஒருவரின் சாயம் வெளுத்த பிறகும் அந்த விளையாட்டைப் பழையபடி ரசிக்க முடிகிறதா? ஆள் வேறு, ஆட்டம் வேறு என்கிறார்கள். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படி?

10 மார்ச் 2024, இரவு

பிரிக்க முடியாது. எனக்கு அந்த ஆள் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே. பொழுதுபோக்கு, ஸ்கோர் எழுதுவது. கிரிக்கெட் பார்ப்பதைச் சொல்லவில்லை, எழுதுவதைச் சொல்கிறேன். 1996 உலகக் கோப்பையிலிருந்து பந்துக்குப் பந்து நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். 2000 ஏப்ரலில் அவர் சூதாட்டத் தரகரோடு போனில் பேசியதை டெல்லி போலீஸ் வெளியே சொன்னது. அன்றைக்கு மூடிய நோட்டு, மூடியதுதான். அவ்வளவே என் கதை.

11 மார்ச்

அவ்வளவே என்று எழுதிவிட்டேன், தூக்கம் வரவில்லை. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கப்பிள்ளை வேலை. வருஷக் கணக்கு முடிந்ததும் பேரேட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, எனக்கு ஒரு நீள நோட்டு செய்து தருவார். பற்று, வரவு என்று சிவப்புக் கோடு ஏற்கெனவே போட்டிருக்கும். பற்றுப் பக்கம் பேட்டிங், வரவுப் பக்கம் பந்துவீச்சு. ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஓவர் முழுக்கப் புள்ளி என்றால் அது மெய்டன், ஆறையும் இணைத்து 'எம்' எழுத்தாக்கி விடுவேன். விக்கெட்டுக்கு மட்டும் சிவப்பு ரீஃபில். கடைசியில் இரண்டு பக்கமும் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும். வராவிட்டால் அப்பா மாதிரியே எனக்கும் சோறு இறங்காது. 'கணக்கு இடிக்குது' என்பது எங்கள் வீட்டில் காய்ச்சல் மாதிரி ஒரு நிலைமை.

விருதுநகர்ப் பையனுக்குத் தென்னாப்பிரிக்க கேப்டன் எதற்கு என்று கேட்பீர்கள். வீம்புதான். வகுப்பில் நாற்பத்து மூன்று பேருக்கும் சச்சின். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, அந்த முகம். சிரிக்காத, தாடை இறுகிய, பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் மாதிரி ஒரு முகம். சுழல்பந்து வந்தால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்கிவிடுவார், அப்போதும் சிரிக்க மாட்டார். பெயரை எப்படிச் சொல்வது என்று பள்ளியில் ஒருவனுக்கும் தெரியாது. குரோஞ்சி என்றுதான் கூப்பிட்டோம். ஸ்போர்ட்ஸ்டாரில் வந்த படத்தை பீரோ கதவின் உள்பக்கம் மைதா பசையில் ஒட்டியிருந்தேன். கதவைத் திறந்தால் அம்மாவின் பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் குரோஞ்சி. அம்மா ஆட்சேபிக்கவில்லை. 'நல்ல பிள்ளையாத்தான் தெரியுறான்' என்றாள்.

13 மார்ச்

உண்மையில் எனக்கு வலித்த இடம் டெல்லி இல்லை, செஞ்சூரியன்.

2000 ஜனவரி. தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து ஐந்தாவது டெஸ்ட். நடுவில் மூன்று நாள் மழையில் போய்விட்டது. கடைசி நாள் இருவரும் சும்மா மட்டையைத் தட்டிக் கலைய வேண்டிய ஆட்டம். குரோனியே இங்கிலாந்து கேப்டன் நாசர் ஹுசைனிடம் போய், ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுப்போம், நான் ஒரு இலக்கு வைக்கிறேன், துரத்து, ஜெயிப்பவன் ஜெயிக்கட்டும் என்றார். இலக்கு 250. இங்கிலாந்து இரண்டு விக்கெட்டில் ஜெயித்தது. டெஸ்ட் வரலாற்றில் அதற்குமுன் யாரும் இன்னிங்ஸை அப்படி விட்டுக்கொடுத்தது கிடையாது.

மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு எனக்குக் கால் தரையில் படவில்லை. அப்பா மண்டியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய் முழுசாகச் சொன்னேன். தோற்றாலும் பரவாயில்லை, பார்க்க வந்தவனுக்கு ஒரு ஆட்டம் கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார் பாருங்கள், இதுதான் பெருந்தன்மை என்றேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, 'கமிஷன் இல்லாம எவன்டா விட்டுக்குடுப்பான்?' என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எல்லாவற்றையும் மண்டியாகப் பார்க்கிற மனுஷன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து கேப்டவுனில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தபோது எல்லாம் வெளியே வந்தது. அந்த ஆட்டத்தில் முடிவு வர வேண்டும் என்று ஒரு சூதாட்டத் தரகர் கேட்டிருக்கிறார். கைமாறியது ஐம்பத்து மூவாயிரம் ராண்டும் ஒரு தோல் ஜாக்கெட்டும். அந்த ஜாக்கெட்தான் என்னைக் கொன்றது. பணத்தைக்கூட ஒருவிதமாகப் புரிந்துகொள்ளலாம். எங்கள் ஊர் வெயிலுக்குச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டோம் அதை.

அப்பா 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை போட்டிருப்பேன், ஆறியிருக்கும்.

14 மார்ச்

திருத்தம். இலக்கு 249, 250 இல்லை. தென்னாப்பிரிக்கா 248க்கு 8 விக்கெட்டில் டிக்ளேர் செய்தது, ஒன்று கூட்டினால் 249. ஸ்கோர் எழுதினவன் என்று பீற்றிக்கொண்டு முதல் கணக்கிலேயே உதை. ஊர்ப் பெயர் செஞ்சூரியன், அந்த ஆட்டத்தில் ஒருவரும் செஞ்சுரி அடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

17 மார்ச்

'அன்றைக்கு மூடிய நோட்டு' என்று முதல் நாள் எழுதினேன். அது சரியில்லை, மாற்றிச் சொல்கிறேன். டெல்லி போலீஸ் சொன்னது ஏப்ரல் 7. அன்று நான் நம்பவே இல்லை. குரோனியே மறுத்தார், நானும் மறுத்தேன். போலீஸ் ஏதோ மிரட்டல் வழக்குக்காகப் போனை ஒட்டுக்கேட்கப் போய், அதில் இது மாட்டியது என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு நேரம். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று நாலு நாள் வாதாடினேன். குரல் மாதிரி இருக்கலாம், இங்கிலீஷ் பேசும் வெள்ளைக்காரன் எல்லாருக்கும் ஒரே குரல்தானே என்றேன். எதிரில் நின்றவன், 'அப்ப கமென்டரி சொல்லுற டோனி கிரெய்க் குரலும் அவன் குரலும் ஒண்ணாடா?' என்று கேட்டான். பதில் இல்லை.

ஏப்ரல் 11. விடிவதற்குள் குரோனியேயே தென்னாப்பிரிக்க வாரியத்தின் நிர்வாக இயக்குநர் அலி பாக்கரைப் போனில் கூப்பிட்டு, நான் முழுக்க நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். அது என்ன 'முழுக்க'? அரைக் கிலோவுக்கு நானூற்றைம்பது கிராம் நிறுக்கிறவனும் முழுக்க நேர்மையில்லை என்றுதான் சொல்லுவான்.

அவருக்காக நாலு நாள் பொய் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் அவமானம். அவர் பொய் சொன்னது அப்புறம்.

20 மார்ச்

'உங்களுக்கு வெளிநாட்டுக்காரர், லேசாகக் கடந்துவிட்டீர்கள், அசாருதீன் ரசிகனைக் கேளுங்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார், பெரியப்பா மகன். என்னைவிட எட்டு வயசு மூத்தவர். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, கழுத்தில் கயிறு போட்டு, நடையைக்கூட அசார் மாதிரி சாய்த்து நடப்பார். டென்னிஸ் பந்தில் மணிக்கட்டைத் திருப்பப் போய் இரண்டு தடவை மணிக்கட்டு பிசகி, வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு.

1993 ஹீரோ கோப்பை அரையிறுதி அவருக்கு வேதம். கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் வேண்டும், அசார் பந்தை சச்சின் கையில் கொடுத்தார், மூன்றுதான் வந்தது. சச்சினைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அண்ணன் மட்டும், 'குடுத்தது யாரு? அன்னிக்கு 90 அடிச்சது யாரு?' என்பார்.

2000 டிசம்பரில் சூதாட்டப் புகாரில் இந்திய வாரியம் அசாருக்கு ஆயுள் தடை போட்டது. 99 டெஸ்ட். கடைசி டெஸ்ட் அதே மார்ச்சில் பெங்களூரில், அதுவும் குரோனியேயின் அணிக்கு எதிராக, அதில் ஒரு சதம். நூறாவது டெஸ்ட் ஆடவே இல்லை. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. காலர் மட்டும் இறங்கிவிட்டது. சும்மா நடையை மாற்றிவிட்டார் என்று நினைக்கிறேன், அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அண்ணனுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். போன் செய்து சொன்னேன். 'ம்' என்றார். 'கோர்ட்டு சொன்னா எனக்குத் திரும்பி வருமாடா?' என்றார். பிறகு மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசினோம்.

ஆக, லேசாகக் கடந்தேன் என்பது உண்மை. எனக்கு வருத்தம், அண்ணனுக்கு துக்கம்.

22 மார்ச்

ஐபிஎல் தொடங்கிவிட்டது. பையன் மஞ்சள் சட்டையில் சோபா மேல் நிற்கிறான். முதுகில் 7. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு என்ன பெரிய ஏமாற்றம் என்று யாரும் கேட்கும்முன் நானே கேட்டுக்கொள்கிறேன்.

பார்ப்பேன். ஆனால் முன்போல் இல்லை. யாராவது ஒரு நோபால் பெரிசாகப் போட்டால் 2010 லார்ட்ஸ் நினைவுக்கு வரும். பாகிஸ்தானின் பதினெட்டு வயசுப் பையன் ஆமிர், காசுக்காகக் கோட்டைத் தாண்டி அத்தனை தூரம் கால். அந்தப் பையனின் பந்துவீச்சு எப்படி இருந்தது தெரியுமா, அழகு. அந்த அழகான ஓட்டத்தின் கடைசியில் விற்கப்பட்ட ஒரு கால். அதிலிருந்து நோபால் என்றால் பந்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறேன். கேட்ச் விட்டால் விட்டவன் முகத்தைப் பார்க்கிறேன். என் மனைவி சொல்கிறாள், நீங்கள் மேட்ச் பார்க்கவில்லை, சிசிடிவி பார்க்கிறீர்கள் என்று.

2013 ஐபிஎல் சூதாட்டம் வேறு இருக்கிறது. எங்கள் மஞ்சள் அணிக்கே இரண்டு வருஷம் தடை, 2016, 2017. 2013இல் ஒரு பந்துவீச்சாளர் இடுப்பில் துண்டைச் சொருகி சைகை காட்டினார் என்று செய்தி வந்தபோது அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 'நம்ம மாட்டுச்சந்தையில துண்டுக்கு அடியில விரலப் பிடிச்சு வெல பேசுவான். இவன் துண்டையே கொடியா கட்டியிருக்கான்.'

23 மார்ச்

துண்டு விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அது டெல்லி போலீஸ் சொன்னது. 2015இல் டெல்லி நீதிமன்றம் அந்த வழக்கிலிருந்து எல்லாரையும் விடுவித்துவிட்டது. வாரியம் அந்தப் பந்துவீச்சாளருக்குப் போட்ட ஆயுள் தடையும் பின்னால் ஏழு வருஷமாகக் குறைந்தது. அப்பா சொன்ன ஜோக் நல்ல ஜோக், அதற்காகத் தீர்ப்பை மறைக்கக் கூடாது.

24 மார்ச்

ஆமாம், குரோனியே 2002 ஜூன் 1 அன்று விமான விபத்தில் இறந்தார். 32 வயசு. தெரியும். அதைப் பற்றி எழுதவில்லையே என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எழுத ஒன்றும் இல்லை. பீரோ கதவிலிருந்த படத்தை 2000இலேயே கிழித்துவிட்டேன். மைதா பசை நன்றாகப் பிடித்துக்கொண்டதால் ஒரு காதும் தொப்பியின் ஓரமும் மட்டும் கதவோடு நின்றுவிட்டன. செய்தி வந்த அன்று எதையோ எடுக்க பீரோவைத் திறந்தேன். அந்தக் காது இருந்தது.

9 ஏப்ரல்

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். பராசக்தி மாரியம்மன் கோயில் பக்கம் போய்விட்டு வந்து, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பரணில் ஏறினேன். நோட்டுகள் இருக்கின்றன. ஆறு. எலி ஒன்றைத் தின்றிருக்கிறது, மீதி ஐந்தும் வத்தல் நெடியோடு அப்படியே.

இங்கேதான் எனக்கு அசிங்கமாகிப் போனது. 2000 ஏப்ரலோடு நோட்டை மூடினேன் என்று உங்களிடம் மட்டுமா சொன்னேன்? கல்லூரியில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், கல்யாணமான புதிதில் மனைவியிடம் ஒரு மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நோட்டைத் திறந்தால் 2001 மார்ச் ஆஸ்திரேலியத் தொடர் முழுசாக இருக்கிறது. ஈடன் கார்டனில் லட்சுமண் 281, திராவிட் 180, ஒரு பந்து விடாமல். சேப்பாக்கத்தில் ஹர்பஜன் பதினைந்து விக்கெட், பதினைந்தும் சிவப்பு மை. 'எம்' எல்லாம் எவ்வளவு ஆசையாக வளைத்துப் போட்டிருக்கிறேன். இது மனசு உடைந்தவன் கையெழுத்து இல்லை.

கடைசிப் பக்கம் 2002 ஜூலை 13. லார்ட்ஸ், நாட்வெஸ்ட் இறுதி ஆட்டம். இலக்கு 326. சச்சினை ஜைல்ஸ் போல்டாக்கியதும் 146க்கு 5. அதோடு நிற்கிறது. கீழே முழுக்க வெள்ளை. நினைவு வந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணி வாக்கு. போச்சு என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். ப்ளஸ் டூ தொடங்கியிருந்தது, மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு பிசிக்ஸ் டியூஷன். டியூஷன் வாசலில்தான் தெரிந்தது யுவராஜும் கைஃபும் சேர்ந்து ஜெயித்துவிட்டார்கள் என்று. அந்த எரிச்சலில் நோட்டைத் தொடவில்லை. அப்புறம் ரிவிஷன் டெஸ்ட், அப்புறம் ஹாஸ்டல்.

அதாவது என் பொழுதுபோக்கைக் கொன்றது குரோனியே இல்லை, பிசிக்ஸ் டியூஷன்.

9 ஏப்ரல், இரவு

ஒருவர் நியாயமாகவே கேட்கிறார், பிறகு ஏன் இத்தனை வருஷம் அவர் தலையில் கட்டினீர்கள் என்று. கேட்க நன்றாக இருந்தது. டியூஷனால் விட்டேன் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை. (பாருங்கள், எனக்கும் அந்த 'முழுக்க' வந்துவிட்டது.) ஏப்ரலுக்கு முன்னால் வரை நோட்டில் ஓரக்குறிப்புகள் இருக்கின்றன. 'சூப்பர் கேட்ச்', 'அம்பயர் முட்டாள்', 'ஹான்சி!!!' என்று. பர்மிங்காம் 1999, ஆஸ்திரேலியாவோடு சமனாகி வெளியேறிய அரையிறுதி, அதில் அவர் டக் அவுட், வார்ன் பந்து. பக்கத்தில் 'பட்டது பூட்ஸில், மட்டையில் இல்லை' என்று மூன்று முறை கோடு போட்டிருக்கிறேன். 2000 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு ஓரக்குறிப்பும் இல்லை. ஈடன் கார்டனுக்குக்கூட இல்லை. எண்கள் மட்டும்.

10 ஏப்ரல்

நாக்பூர் பக்கம் கிடைத்தது. 2000 மார்ச் 19, ஐந்தாவது ஒருநாள் ஆட்டம். இந்த ஆட்டத்தில்தான் குரோனியே தன் அணியிலேயே இருபதுக்குள் அவுட் ஆகச் சொல்லி கிப்ஸிடமும், பத்து ஓவரில் ஐம்பதுக்கு மேல் கொடுக்கச் சொல்லி வில்லியம்ஸிடமும் பேரம் பேசியிருந்தார். ஆளுக்குப் பதினைந்தாயிரம் டாலர். பையன்களிடம் சொன்னது பதினைந்து, தரகரிடம் பேசியது இருபத்தைந்து. நடுவில் பத்து. அப்பாவிடம் இதை இன்று சொன்னேன். 'தரகுக்குள்ள தரகா' என்று கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியில் இதற்கென்று ஒரு வார்த்தை இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

என் நோட்டில் கிப்ஸ் 53 பந்தில் 74. வில்லியம்ஸ் பதினோரு பந்து போட்டுவிட்டுத் தோள்வலியோடு வெளியே போகிறார், ஓவர் பாதியில் நிற்கிறது. விற்ற சரக்கு ஒன்றுகூட டெலிவரி ஆகவில்லை. அவ்வளவையும் ஏழெட்டு அடி தூரத்தில் டிவி முன்னால் குத்துக்கால் போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், 19 தாண்டியதும் கேப்டன் வயிற்றில் என்ன ஓடியிருக்கும் என்று தெரியாமல். கிப்ஸின் இருபதாவது ரன் எது என்று விரலால் எண்ணிக் கண்டுபிடித்தேன். சும்மா ஒரு எண், நீல மை.

11 ஏப்ரல்

இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன்.

நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வருகிறது. ஐந்து நோட்டிலும் ஒரு இடத்தில்கூட கணக்கு இடிக்கவில்லை. அது எப்படி? நடுவில் கரண்ட் போகும், அம்மா கடைக்கு அனுப்புவாள், கேபிள்காரன் சேனல் மாற்றுவான். திரும்பி வந்தால் டிவியில் 187 என்று காட்டும், என் நோட்டில் 183 இருக்கும். நாலு ரன் எங்கே போனது என்று தெரியாது. அப்போது என்ன செய்வேன் என்பது இப்போது மெல்ல ஞாபகம் வந்தது. உதிரி ரன்னில் 'பை 4' என்று போட்டு விடுவேன். பை என்பது மட்டையில் படாமல் கீப்பரையும் தாண்டிப் போன பந்தில் வரும் ரன். பேட்ஸ்மேன் கணக்கிலும் ஏறாது, பந்துவீச்சாளர் கணக்கிலும் ஏறாது. யாருக்கும் நஷ்டம் இல்லை, தொகையும் சரி. விசாரணையில் குரோனியே தான் எந்த ஆட்டத்தையும் தோற்றுக்கொடுக்கவில்லை என்று கடைசிவரை சொன்னார். எனக்கு அந்தக் குரல் இப்போது கொஞ்சம் பழக்கமானதாகத் தெரிகிறது.

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பேட்டிங்கைப் பார்க்கவில்லை, பந்துவீச்சைப் பார்க்கவில்லை, நேரே உதிரிக்குத்தான் போனார்.

'நீ பையில கை வச்சது எனக்கு அப்பவே தெரியும்டா' என்றார்.

ஏன் கேட்கவில்லை என்றேன். 'உன் நோட்டு, உன் கணக்கு. மண்டிக் கணக்கா இருந்தா கேட்டிருப்பேன்.' இன்னும் நாலு பக்கம் தள்ளி ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். 'ஆனா இது கொஞ்சம் அதிகம். ஒரே மேட்ச்சுல பை பதினொண்ணு. அந்தக் கீப்பர் தூங்கிக்கிட்டா இருந்தான்?'

தென்னாப்பிரிக்கா ஆடிய ஆட்டம். கீப்பர் மார்க் பவுச்சர். மைதானத்தில் அவரைத் தாண்டி ஈ போகாது.